க்ரைம் நாவலைக் கீழே வைக்க முடிவதில்லையே, ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மர்ம நாவல், க்ரைம் த்ரில்லர், சஸ்பென்ஸ் கதை என்று விரும்பிப் படிப்பவர்களிடம் மற்றவர்கள் கேட்கும் கேள்விகளும், அவர்களே தங்களுக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்விகளும் இங்கே இருக்கின்றன. பதில்களில் என் சொந்த அபிப்பிராயமும் கலந்தே இருக்கும். எந்த மர்மக் கதையிலும் கொலையாளி யார் என்பதை இங்கே போட்டு உடைக்கவில்லை, பயமில்லாமல் படிக்கலாம்.

கொலை, ரத்தம், கடத்தல்... இதையெல்லாம் படித்து எப்படி ரசிக்க முடிகிறது?

ரசிப்பது கொலையை என்று நினைப்பதால் வரும் கேள்வி இது. ஏதாவது ஒரு மர்ம நாவலைப் புரட்டிப் பாருங்கள். கொலை நடக்கும் இடம் பெரும்பாலும் இரண்டு மூன்று பக்கம்தான் இருக்கும். பல கதைகளில் அதுகூட இல்லை, கதவைத் திறந்தால் பிணம் கிடக்கும், அவ்வளவுதான். மீதிப் பக்கங்கள் முழுக்க அந்தக் கொலையைப் புரிந்துகொள்ளச் சிலர் படும் பாடு. யார் பொய் சொல்கிறார், யார் எதற்காக மழுப்புகிறார், பூட்டியிருக்க வேண்டிய ஜன்னல் ஏன் திறந்திருந்தது? நம்மை உள்ளே இழுப்பது இந்தக் கேள்விகள்.

நிஜ வாழ்க்கையில் எத்தனையோ கேள்விகளுக்குப் பதில் கிடைப்பதே இல்லை. நன்றாகப் பழகிய ஒருவர் திடீரென்று ஏன் விலகிப் போனார், நம்மைப் பற்றி மேலிடத்தில் புகார் சொன்னது யார் என்பதெல்லாம் கடைசிவரை தெரியாமலே போய்விடும். க்ரைம் நாவல் தன் முதல் பக்கத்திலேயே ஒரு வாக்குக் கொடுக்கிறது: இங்கே எழும் கேள்விக்கு இங்கேயே பதில் உண்டு. அந்த வாக்கை நம்பித்தான் இடையில் வரும் பயத்தையும் பதற்றத்தையும் தாங்கிக்கொள்கிறோம். இந்த வகை எழுத்தின் ஈர்ப்புக்கு வேர் அந்த நம்பிக்கை என்றுதான் நான் நினைக்கிறேன். வேகம், திடுக்கிடல், ட்விஸ்ட் எல்லாம் அதற்கு அப்புறம்.

பயத்துக்கும் ஒரு பங்கு இருக்கிறது, மறுக்கவில்லை. டால்ஃப் ஸில்மன் என்ற உளவியல் ஆய்வாளர் 1970களில் ஒரு விளக்கம் சொன்னார். பதற்றத்தில் உடல் சூடேறி, இதயம் வேகமாக அடிக்கத் தொடங்கினால், ஆபத்து நீங்கியதும் அது சட்டென்று அடங்கிவிடாது. அந்த மிச்ச வேகம் அடுத்து வரும் உணர்ச்சியோடு சேர்ந்துகொள்கிறது. ஆகவே நாயகி தப்பித்துவிட்டாள் என்ற நிம்மதி, சாதாரண நிம்மதியைவிடப் பல மடங்கு பெரிதாகத் தெரிகிறது. முந்தைய ஐம்பது பக்கம் நம்மை வாட்டி எடுத்திருந்தால்தான் இது நடக்கும்.

சஸ்பென்ஸ், த்ரில்லர், துப்பறியும் கதை எல்லாம் ஒன்றுதானே?

சொந்தக்காரர்கள்தான், ஆனால் ஒரே ஆள் இல்லை. இலக்கிய ஆய்வாளர் ட்ஸ்வெதான் தொதரோவ் 1966இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதை அழகாகப் பிரித்தார். துப்பறியும் நாவலுக்குள் இரண்டு கதைகள் இருக்கின்றன. ஒன்று குற்றத்தின் கதை, அது ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது. மற்றொன்று விசாரணையின் கதை, அது நம் கண்ணெதிரே நடக்கிறது. இரண்டாவது கதை முதல் கதையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்டி எடுக்கிறது. த்ரில்லரில் அப்படியில்லை. அங்கே ஆபத்து இனிமேல்தான் வரப்போகிறது, துப்பறிபவரே செத்துப்போகலாம். ஒன்றில் நாம் பின்னால் திரும்பிப் பார்க்கிறோம், இன்னொன்றில் முன்னால் பார்த்து நடுங்குகிறோம்.

சஸ்பென்ஸ் என்பது வேறு சங்கதி. அது கதையின் வகை என்பதைவிட, யாருக்கு எது எப்போது தெரிகிறது என்பதைக் கையாளும் வித்தை. த்ரில்லர் படங்களுக்குப் பேர்போன இயக்குநர் ஹிட்ச்காக் 1962இல் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவுக்குக் கொடுத்த நீண்ட பேட்டியில் சொன்ன உதாரணத்தைவிடத் தெளிவாக யாரும் இதை விளக்கியதில்லை. மேஜைக்கு அடியில் ஒரு வெடிகுண்டு. நமக்கும் தெரியாது, அங்கே உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பவர்களுக்கும் தெரியாது. குண்டு வெடித்தால் பதினைந்து விநாடி அதிர்ச்சி. அதே குண்டு ஒரு மணிக்கு வெடிக்கும் என்று நமக்கு மட்டும் தெரிந்து, சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டே முக்கால் ஆகிவிட்டது என்றால்? அவர்கள் பேசும் ஒன்றுக்கும் உதவாத பேச்சுகூட நம்மைத் துடிக்க வைக்கும். பதினைந்து நிமிட சஸ்பென்ஸ்.

சிலப்பதிகாரம் நினைவுக்கு வருகிறது. அரசியின் சிலம்பைத் திருடியவன் பொற்கொல்லன் என்பது நமக்குத் தெரியும். பாண்டியனுக்குத் தெரியாது. கோவலன் அந்தப் பொற்கொல்லனையே நம்பிச் சிலம்பைக் காட்டும்போது நமக்கு அடிவயிறு கலங்குகிறதே, அது அசல் சஸ்பென்ஸ். பிறகு கண்ணகி அரசவைக்கு வந்து செய்வது என்ன? தடயத்தை முன்வைக்கிறாள். அரசன் தன் சிலம்பில் இருப்பது முத்து என்கிறான். உடைத்தால் மாணிக்கம் தெறிக்கிறது. பொருளே சாட்சி சொல்லும் அந்தக் காட்சியை ஒரு நீதிமன்ற த்ரில்லரின் உச்சக்கட்டமாகவும் படிக்க முடியும்.

ஒரே ஒரு அத்தியாயம் என்று எடுத்தால் விடிந்துவிடுகிறதே?

உங்கள் மனக்கட்டுப்பாட்டில் குறை ஒன்றுமில்லை. அத்தியாயங்கள் அப்படித்தான் வெட்டப்படுகின்றன.

இதற்குப் பழைய வரலாறு உண்டு. ஆங்கிலத்தின் முதல் பெரிய துப்பறியும் நாவல்களில் ஒன்றாகச் சொல்லப்படும் வில்கி காலின்ஸின் ‘தி மூன்ஸ்டோன்’ 1868இல் வாரத் தொடராகத்தான் வந்தது. வாரம் முழுக்க வாசகரைக் காத்திருக்க வைத்து, மறுபடியும் பத்திரிகையைக் கையில் எடுக்க வைக்க வேண்டும் என்றால், ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும் அதே இடத்தில் இன்னொன்றைத் திறந்துவிட வேண்டும். தொடர்கதைக்காகப் பழகிய இந்த வெட்டு முறை முழு நாவலுக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. முன்பு ஒரு வாரம் காத்திருக்க வைத்த இடத்தில் இப்போது ஒரு பக்கத்தைத் திருப்பினால் போதும். திருப்பாமல் எப்படி இருப்பது?

பாதியில் நின்ற வேலை மனதை அரிக்கும் என்பதற்கு உளவியலில் ஆதாரமும் இருக்கிறது. 1920களின் கடைசியில் பெர்லினில் மரியா ஒவ்சியான்கினா நடத்திய சோதனைகளில், ஒரு வேலையின் நடுவில் தடுக்கப்பட்டவர்கள், யாரும் சொல்லாமலே திரும்பப் போய் அதை முடிக்கப் பார்த்தார்கள். கொலையாளி யார் என்று தெரியாமல் புத்தகத்தை மூடுவதும் பாதியில் நின்ற வேலைதான்.

நடைமுறையில் ஒரு யோசனை: அத்தியாயத்தின் முடிவில் நிறுத்தாதீர்கள். அங்கேதான் கொக்கி இருக்கிறது. அத்தியாயத்தின் நடுவில், ஒரு காட்சி அடங்கி அடுத்தது தொடங்கும் இடத்தில் நிறுத்திப் பாருங்கள். தூக்கம் வரும்.

துப்பறிபவருக்கு முன்னால் நாமே கண்டுபிடித்துவிட வேண்டும் என்று ஏன் இவ்வளவு ஆசை?

எழுத்தாளர்களே விடுத்த சவால் அது. எட்கர் ஆலன் போ 1841இல் தூபின் என்ற பாத்திரத்தை வைத்து எழுதிய கதையோடு நவீன துப்பறியும் கதை தொடங்கியது என்பார்கள். அதிலேயே, மற்றவர்களும் பார்த்த அதே விவரங்களிலிருந்து ஒருவர் மட்டும் உண்மையை எட்டுகிறார். ‘நானும் அதைத்தானே படித்தேன், எனக்கு ஏன் தோன்றவில்லை?’ என்ற தவிப்பு அங்கே பிறந்தது.

1920களில் இது முழு விளையாட்டாகவே ஆனது. விளையாட்டு என்றால் விதி வேண்டும். ரானல்ட் நாக்ஸ் என்ற கத்தோலிக்கப் பாதிரியார், அவரும் மர்மக் கதை எழுதியவர், 1929இல் பத்துக் கட்டளைகள் போட்டார். குற்றவாளி கதையின் ஆரம்பத்திலேயே வந்திருக்க வேண்டும். பேய் பிசாசு காரணமாக இருக்கக் கூடாது. இதுவரை யாரும் கேள்விப்படாத விஷம் கூடாது. துப்பறிபவரே குற்றவாளியாக இருக்கக் கூடாது. கண்டெடுக்கும் ஒவ்வொரு தடயத்தையும் அவர் வாசகருக்கும் உடனே காட்டிவிட வேண்டும். இரட்டைப் பிறவி என்று கடைசியில் அவிழ்க்கப் போகிறீர்களா, அதற்கு முன்கூட்டியே வாசகரைத் தயார்ப்படுத்துங்கள். இப்படிப் போகிறது பட்டியல். அதே ஆண்டு, எல்லரி க்வீன் என்ற புனைபெயரில் வந்த துப்பறியும் நாவல்களில், கதையை இடையில் நிறுத்திவிட்டு ‘எல்லாத் தடயங்களும் இப்போது உங்கள் கையில், இனி நீங்களே சொல்லலாம்’ என்று வாசகரை நேராகச் சவாலுக்கு அழைக்கும் வழக்கம் தொடங்கியது.

கட்டளைகளை வரிக்கு வரி பின்பற்றியாக வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். நல்ல எழுத்தாளர்கள் ஒவ்வொன்றையும் மீறியும் காட்டியிருக்கிறார்கள். ஆனால் அவற்றுக்குப் பின்னால் இருக்கும் நேர்மையை மீறினால் மன்னிக்கவே முடியாது. கடைசி அத்தியாயத்தில் புதிதாக ஒரு ஆளை இறக்குவது, ‘எல்லாம் கனவு’ என்பது, கதை சொல்பவரின் மனதுக்குள் போய்வந்த பிறகும் அங்கே இருந்த முக்கியமான நினைவை மட்டும் காரணமில்லாமல் மறைப்பது. இவை வாசகர் செலவழித்த நேரத்துக்குச் செய்யும் துரோகம். ஏமாற்றலாம், கண்டிப்பாக ஏமாற்றத்தான் வேண்டும். ஆனால் திரும்பிப் பார்க்கும்போது உண்மை நம் கண்ணெதிரிலேயே கிடந்திருக்க வேண்டும். ‘அடடா, அப்போதே சொன்னாரே!’ என்று நெற்றியில் அடித்துக்கொள்ளும் அந்தக் கணத்தில், தோற்ற நமக்குத்தான் சந்தோஷம் அதிகம்.

யாராவது முடிவைச் சொல்லிவிட்டால் அந்தப் புத்தகம் போச்சா?

ஆய்வுகள் இரு பக்கமும் பேசுகின்றன. 2011இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் ஜொனாதன் லீவிட், நிக்கலஸ் கிறிஸ்டென்ஃபெல்ட் இருவரும் 12 சிறுகதைகளை வைத்துச் சோதித்தார்கள். முடிவு முன்பே தெரிந்தவர்கள், தெரியாதவர்களைவிடக் கதைகளை அதிகம் ரசித்திருந்தார்கள். மர்மக் கதைகளுக்கும் அதே பலன்தான். 2015இல் வேறு ஆய்வாளர்கள் செய்த சோதனையில் நேர்மாறான பலன் வந்தது.

எனக்குப் படுவது இது. முடிவு தெரிந்தால் ‘யார்’ என்ற கேள்விதான் போகிறது. ‘எப்படி’, ‘ஏன்’ இரண்டும் அப்படியே இருக்கின்றன. ரிச்சர்ட் கெரிக் என்ற உளவியலாளர் 1989இலேயே, முடிவு எல்லோருக்கும் தெரிந்த வரலாற்றுச் சம்பவத்தைக்கூடப் பதற்றம் ஏற்படும்படி எழுதினால், படிப்பவர்கள் தங்களுக்குத் தெரிந்த உண்மையை உறுதி செய்யவே சற்றுத் தடுமாறுகிறார்கள் என்று காட்டினார். கதைக்குள் இருக்கும்போது நாம் தெரிந்ததை ஓரமாக வைத்துவிடுகிறோம். இருந்தாலும் முதல் தடவை தெரியாமல் படிக்கும் அனுபவம் ஒருவருக்கு ஒரு புத்தகத்தில் ஒரு முறைதான் கிடைக்கும். அதை இன்னொருவரிடமிருந்து பறிக்காதீர்கள்.

கெட்டவன் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று மனசு அடித்துக்கொள்கிறது. என்னிடம் ஏதாவது கோளாறா?

இல்லை. எழுத்தாளர் உங்களை எங்கே உட்கார வைத்தாரோ அங்கிருந்து பார்க்கிறீர்கள். ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ (1960) படத்தில் ஒரு கொலையை மறைக்க ஒருவன் காரைச் சதுப்புக்குள் தள்ளுவான். கார் பாதி மூழ்கி, அப்படியே நின்றுவிடும். அந்த ஒரு கணம், ‘ஐயோ, மூழ்கிவிடக் கூடாதா!’ என்று பார்ப்பவர்களும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். ஒருவன் ஒரு காரியத்தில் மும்முரமாக இருப்பதைக் கிட்டத்தில் இருந்து பார்த்தாலே, அது என்ன காரியம் என்ற கேள்வி பின்னால் போய்விடுகிறது.

பெட்ரீஷியா ஹைஸ்மித் 1955இல் படைத்த டாம் ரிப்ளி இதன் உச்சம். அவன் மோசடிக்காரன், கொலைகாரன். ஆனாலும் கதவு தட்டப்படும்போதெல்லாம் அவனுக்காக நமக்கு வியர்க்கிறது. இந்த அனுபவத்துக்கு நான் பெரிய மதிப்புக் கொடுக்கிறேன். நல்லவர், கெட்டவர் என்ற கோடு நாம் நினைத்த அளவுக்கு உறுதியாக இல்லை என்பதை ஒரு நீதிநூல் இவ்வளவு நேரடியாக உணர்த்தாது. புத்தகத்தை மூடியதும் ‘நான் யார் பக்கம் இருந்தேன்?’ என்று ஒரு சங்கடம் வருகிறதே, அது ஆரோக்கியமான சங்கடம். அந்தச் சங்கடமே வராத அளவுக்குக் கொடூரத்தை அலங்கரித்துக் காட்டும் புத்தகங்களும் இருக்கின்றன. அவற்றைப் பாதியில் வைத்துவிடலாம், தப்பில்லை.

இதெல்லாம் பொழுதுபோக்கு எழுத்துதானே? இலக்கியம் ஆகுமா?

விமர்சகர் எட்மண்ட் வில்சன் 1945இல், துப்பறியும் நாவல் படிப்பது நேர விரயம் என்ற ரீதியில் கடுமையாகத் தாக்கி எழுதினார். மூன்று வருடம் கழித்து, 1948இல், கவிஞர் டபிள்யூ. எச். ஆடன் அதே நாவல்களைப் பற்றி எழுதினார். தனக்கு அது புகையிலை, மது மாதிரி ஒரு போதைப் பழக்கம் என்று வெளிப்படையாகச் சொன்னார். சொல்லிவிட்டு, அவற்றின் கட்டமைப்பை அக்கறையோடு ஆராயவும் செய்தார். இலக்கியமா என்ற கேள்விக்கு ஆடனும் ‘ஆம்’ என்று சொல்லவில்லை. ஆனால் தான் நேசிக்கும் ஒன்றை மதித்து அணுகினார். எனக்கு அந்த அணுகுமுறை பிடிக்கிறது.

கொலை இருப்பதால் ஒரு நாவல் தாழ்ந்துவிடாது. தஸ்தயேவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ (1866) கொலையாளி யாரென்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டு, அவன் எப்போது உடைவான் என்ற பதற்றத்திலேயே நம்மைக் கடைசிவரை நடத்திக்கொண்டு போகிறது. விசாரணை அதிகாரி பொர்ஃபிரி அவனோடு பேசும் காட்சிகளின் இறுக்கத்தை எந்த த்ரில்லரோடும் ஒப்பிடலாம். மறுபக்கம், பாத்திரங்கள் வெறும் பெயர்களாக, புதிர் மட்டுமே உயிராக இருக்கும் நாவல்களும் உண்டு. அவை இலக்கியம் ஆகாமல் போகலாம். நல்ல புதிர் என்பதே ஒரு கைத்திறன், அதற்குரிய மரியாதையை அதற்குக் கொடுப்போம்.

தொடர்ந்து படித்தால் மனசு கெட்டுப்போகுமா?

க்ரைம் நாவல் படிப்பவர்கள் குற்றம் செய்வார்கள் என்றால், உலகத்தில் நூலகங்களைப் பூட்டித்தான் வைக்க வேண்டியிருக்கும்.

2021இல் வெளியான ஒரு ஆய்வில், கோல்டன் ஸ்க்ரிவ்னரும் உடன் பணியாற்றியவர்களும், திகில் படங்களை விரும்புபவர்கள் கொரோனா காலத்தில் மற்றவர்களைவிடக் குறைந்த மன உளைச்சலைச் சொன்னதாகக் கண்டார்கள். படம் பார்த்ததுதான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை, இரண்டும் சேர்ந்து காணப்பட்டன என்றுதான் சொன்னது. பாதுகாப்பான இடத்தில் இருந்துகொண்டு பயத்தைப் பழகிப் பார்ப்பதில் ஏதோ பயன் இருக்கலாம் என்று யோசிக்க இடம் தருகிறது, அவ்வளவே.

ஆனால் ஒன்று. சமீபத்தில் இழப்பையோ வன்முறையையோ நேரில் அனுபவித்தவர்களுக்கு இந்தக் கதைகள் பாதுகாப்பான இடமாக இருக்காது. ‘இது வெறும் கதைதானே’ என்று அவர்களிடம் யாரும் வற்புறுத்தக் கூடாது. படிக்கும்போது பதற்றம் இனிக்காமல் கசந்தால், தயங்காமல் மூடி வைத்துவிட வேண்டியதுதான்.

உண்மைக் குற்றங்களைப் பற்றிய புத்தகங்களைப் பெண்கள் அதிகம் படிக்கிறார்களாமே?

அமண்டா விக்காரி, கிறிஸ் ஃப்ரேலி இருவரும் 2010இல் வெளியிட்ட ஆய்வு அப்படித்தான் காட்டியது. பாதிக்கப்பட்டவர் எந்தத் தந்திரத்தால் தப்பித்தார் என்ற விவரம் இருக்கும் புத்தகங்களில் பெண்களின் ஈர்ப்பு இன்னும் கூடியது. ஆபத்தை முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்ளும் ஆசை அதில் இருக்கலாம் என்பது அவர்கள் தந்த விளக்கம். எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

உண்மைக் குற்றத்தைப் படிக்கும்போது ஒரு கவனம் தேவை. கதையில் கொல்லப்பட்டவருக்கு வீடு கிடையாது. நிஜத்தில் உண்டு, அங்கே அழுதுகொண்டிருப்பவர்களும் உண்டு. கொலைகாரனுக்கு நூறு பக்கமும் செத்துப்போனவருக்கு ஒரு வரியும் கொடுக்கும் புத்தகத்தை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

இதுவரை படித்ததே இல்லை. எங்கே ஆரம்பிப்பது?

உங்கள் சுபாவத்தைப் பாருங்கள். கணக்கும் புதிரும் பிடித்தால், ஒரே வீட்டுக்குள் ஏழெட்டுப் பேர், அதில் ஒருவர் கொலையாளி என்ற வகை. மனிதர்களின் மனம்தான் பிடிக்கும் என்றால், குற்றவாளியே கதை சொல்லும் நாவல். நகரம், அதிகாரம், ஊழல் என்று ஆர்வம் இருந்தால் காவல்துறை விசாரணைக் கதைகள். ரத்தம் ஆகாதா? சிறுகதையிலிருந்து தொடங்குங்கள், திருட்டு, ஆள்மாறாட்டம், தொலைந்த கடிதம் என்று கொலையே இல்லாத நல்ல மர்மக் கதைகள் ஏராளம்.

ஒருமுறை படித்த மர்ம நாவலைத் திரும்பப் படிப்பதில் அர்த்தம் இருக்கிறதா?

நல்ல நாவல் என்றால் தாராளமாக. முதல் வாசிப்பில் நாம் துப்பறிபவரின் பின்னாலேயே ஓடுகிறோம். இரண்டாவது வாசிப்பில் அவரை விட்டுவிட்டுக் கொலையாளி வரும் காட்சிகளில் மட்டும் நின்று படித்துப் பாருங்கள். சாதாரணமாகக் கடந்துபோன ஒரு வசனத்துக்கு இப்போது இரண்டு அர்த்தம் கேட்கும். ‘எனக்கு அவரை நன்றாகத் தெரியும்’ என்று இறந்தவரைப் பற்றி எதேச்சையாகச் சொன்னது, கேள்விக்குப் பதில் சொல்லாமல் எதிர்க்கேள்வி போட்டது, ஒரு அறைக்குள் நுழையுமுன் தயங்கி நின்றது எல்லாம் எழுத்தாளர் தெரிந்தே வைத்துவிட்டுப் போனவை. அப்படித் தேடியும் கொலையாளியின் காட்சிகளில் ஒன்றுமே அகப்படவில்லை என்றால், அந்த நாவலில் ட்விஸ்ட் கடைசியில் கொண்டுவந்து ஒட்டப்பட்டது என்று புரிந்துகொள்ளலாம்.